எந்த வீட்டுப் பிள்ளை?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஷிப்டு முடிந்து ஆலை வாசலிலிருந்து நேரே வந்திருக்கும் தோழர்களே! வயல் வேலை முடித்துக் கை கால் கழுவிக்கொண்டு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரர்களே!

இன்று நாம் பேச வந்திருப்பது கவிதையைப் பற்றி. "கூலியைப் பற்றிப் பேசு, பஞ்சப்படியைப் பற்றிப் பேசு, நிலத்தைப் பற்றிப் பேசு, கவிதைக்கு இந்த மேடையில் என்ன வேலை?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். பதில் சொல்லிவிட்டே மேலே போவோம்.

ஊருக்குப் புதிதாக ஒருவன் வந்தால் டீக்கடையில் அவனிடம் கேட்கிற முதல் கேள்வி என்ன? "எந்த ஊர்? யார் வீட்டுப் பிள்ளை?" என்பதுதானே! நம்மில் பெரும்பாலோர் ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுவோம். ஆனால் உலகத்தில் கோடிக்கணக்கான மக்களுக்கு அந்தக் கேள்வி நெஞ்சில் குத்துகிற முள். தகப்பன் வழி ஒரு கண்டம். தாய் வழி வேறொரு கண்டம். ஒரு பாட்டன் சாட்டையைப் பிடித்தவன். இன்னொரு பாட்டன் அதே சாட்டையால் அடிபட்டவன். இருவர் ரத்தமும் ஒரே உடம்பில் ஓடுகிறது. அவன் யார் வீட்டுப் பிள்ளை? எந்த வாசலில் போய் "இது என் வீடு" என்று சொல்வான்?

இந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு வாழ்நாள் முழுதும் பதில் தேடிய கவிஞர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கடைசியில் பதிலைக் கண்டெடுத்தது அரண்மனையில் அல்ல, பள்ளிக்கூடத்தில் அல்ல. கரும்புத் தோட்டத்தில், சர்க்கரை ஆலையில். உங்களைப் போன்றவர்கள் நடுவில் கண்டெடுத்தார். அதனால்தான் அவர் கதையை உங்களிடம் சொல்ல வந்திருக்கிறோம். அவர் கியூபா நாட்டுக் கவிஞர் நிக்கோலஸ் கியேன்.

கறுப்பனா, வெள்ளையனா?

கியூபாவுக்குப் போவதற்கு முன் அமெரிக்காவில் ஒரு நிமிஷம் நிற்போம். அங்கே லாங்ஸ்டன் ஹ்யூஸ் என்று ஒரு கவிஞர். அவருடைய தந்தை வழிக் கொள்ளுப்பாட்டிமார் இருவரும் அடிமைப் பெண்கள். கொள்ளுப்பாட்டன்மார் இருவரும் கென்டக்கி மாநிலத்தில் அடிமைகளை உடைமையாக வைத்திருந்த வெள்ளையர்கள். இது காதல் கதை அல்ல என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்கச் சமூகம் அவருக்கு இட்ட பெயர் கறுப்பர். அந்த நாட்டுக் கணக்கு அப்படி. ஒரு சொட்டுக் கறுப்பு ரத்தம் இருந்தால் போதும், அவன் கறுப்பன். 1924-ல் வர்ஜினியா மாநிலம் இதைச் சட்டமாகவே எழுதி, வெள்ளையருக்கும் மற்றவருக்கும் இடையே திருமணம் கூடாது என்றது. அந்தத் தடை 1967-ல்தான் உச்ச நீதிமன்றத்தில் உடைந்தது.

ஹ்யூஸ் 1923-ல் ஒரு சரக்குக் கப்பலில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டு ஆப்பிரிக்கா போனார். முன்னோர் மண்ணை மிதிக்கப் போகிறோம் என்று பூரித்துப் போனார். அங்கே என்ன நடந்தது? அவருடைய செம்பு நிற மேனியையும் நேரான கேசத்தையும் பார்த்த ஆப்பிரிக்கர்கள் சிரித்தார்கள். நீ எங்களவன் அல்ல, நீ வெள்ளைக்காரன் என்றார்கள்! 1940-ல் வெளிவந்த தன் சுயசரிதையில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

பார்த்தீர்களா தோழர்களே! ஒரு கரையில் கறுப்பன். மறு கரையில் வெள்ளையன். மாறியது அவர் ரத்தமா? இல்லை. எண்ணுகிறவன் மாறினான்; எண்ணுகிற முறை மாறியது. அப்படியானால் நிறக் கணக்கு இயற்கை எழுதிய கணக்கல்ல. மனிதன் எழுதிய கணக்கு; அதுவும் யாருக்கு நிலம், யாருக்கு வாக்கு, யாருக்குக் கூலி என்று பங்கு பிரிப்பதற்காக எழுதிய கணக்கு.

வெள்ளைத் தகப்பனுக்கும் கறுப்புத் தாய்க்கும் பிறந்த ஒருவன் தன் சாவு எந்த வீட்டில் நிகழும் என்று கேட்பதாக ஹ்யூஸ் ஒரு சிறு கவிதை எழுதினார். ஆங்கிலத்தில் சிலுவைக்கும் கலப்புக்கும் பொருந்துகிற ஒரே சொல்லைத் தலைப்பாக வைத்தார். அது கேள்வியோடு நின்றுவிட்ட கவிதை. பதிலைத் தேடி நாம் கியூபாவுக்குப் போவோம்.

சர்க்கரை பெற்ற பிள்ளைகள்

கியூபா ஒரு சர்க்கரைத் தீவு. ஸ்பெயின் தேசத்து முதலாளிகள் கரும்பு நட்டார்கள். கரும்பு வெட்ட ஆப்பிரிக்காவிலிருந்து லட்சக்கணக்கான மக்களைக் கப்பலடியில் அடைத்துக் கொண்டுவந்தார்கள். அது போதாதென்று 1847 முதல் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சீனர்களை ஒப்பந்தக் கூலிகளாக இறக்கினார்கள். அடிமை முறை அங்கே ஒழிந்தது 1886-ல். அதாவது, நம்மில் வயதானவர்களின் பாட்டன் பூட்டன் காலத்தில்.

இப்படிக் கரும்பு வயலில் கலந்த ரத்தத்துக்கு ஸ்பானிய மொழியில் முலாட்டோ என்று பெயர். கோவேறு கழுதையைக் குறிக்கும் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்பது பலர் கூறும் விளக்கம். குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்த பிராணியின் பெயரை மனிதக் குழந்தைக்கு இட்டார்கள் என்றால், அந்தச் சமுதாயம் அந்தக் குழந்தையை எப்படிப் பார்த்தது என்று வேறு சாட்சி வேண்டுமா?

ஆனாலும் ஸ்பெயினை எதிர்த்து நடந்த விடுதலைப் போரில் முன்னணியில் நின்றவர்கள் யார்? கறுப்பரும் கலப்பினத்தாரும்! 1896-ல் போர்க்களத்தில் விழுந்த மாபெரும் தளபதி அந்தோனியோ மாசெயோ கலப்பினத்தவர்தான். 1898-ல் அமெரிக்கா உள்ளே புகுந்தது. 1902 மே மாதம் குடியரசு பிறந்தது. கொடி ஏறியது, கரும்பு வயலில் கறுப்பன் நிலை ஏறவில்லை. உரிமை கேட்டுக் கறுப்பர்கள் 1908-ல் ஒரு கட்சி கண்டார்கள். 1910-ல் சட்டம் போட்டு அதைத் தடுத்தார்கள். 1912-ல் அவர்கள் எழுந்தபோது ராணுவத்தை அனுப்பி ஆயிரக்கணக்கில் கொன்று குவித்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. அந்தத் தடைச் சட்டத்தை முன்மொழிந்த செனட்டர் மார்த்தின் மொருவா யார் தெரியுமா? அவரும் கலப்பினத்தவரே! ஸ்பெயினிலிருந்து வந்த தகப்பனுக்கும் அடிமையாய் இருந்து விடுபட்ட தாய்க்கும் பிறந்தவர். மாசெயோவும் கலப்பினம், மொருவாவும் கலப்பினம். ஆகவே ரத்தம் மட்டும் ஒருவனை எந்தப் பக்கமும் நிறுத்திவிடாது. எந்தப் பக்கம் நிற்பது என்பதை அவனவன்தான் முடிவு செய்தாக வேண்டும். இதை நினைவில் வையுங்கள், திரும்ப வருவோம்.

அச்சுக் கோத்த கை

குடியரசு பிறந்து இரண்டு மாதம் ஆகவில்லை. 1902 ஜூலை 10-ல் கமகுவெய் நகரில் நிக்கோலஸ் கியேன் பிறந்தார். தாய் தந்தை இருவருமே கலப்பினத்தார். தகப்பனார் பத்திரிகையாளர், லிபரல் கட்சி செனட்டர். 1917-ல் நடந்த கிளர்ச்சியில் அரசாங்கத்துச் சிப்பாய்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். பதினைந்து வயதுகூட நிரம்பாத பிள்ளை குடும்ப பாரத்தைத் தோளில் வாங்கினான். அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலைக்குப் போனான். ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்த அந்தக் கைதான் பிற்காலத்தில் கவிதை எழுதியது.

சட்டம் படிக்க ஹவானா போனார். பாதியில் விட்டார். பத்திரிகை வேலை பார்த்தார். அந்த நாட்களில் கியூபாவின் சில நகரங்களில் மாலை உலாப் போகிற பூங்காவில்கூட வெள்ளையருக்கு ஒரு பாதை, கறுப்பருக்கு ஒரு பாதை. நடுவில் சுவர் கிடையாது. ஆனால் கால்களுக்குத் தெரியும். கலப்பினத்தான் எந்தப் பாதையில் நடப்பது? சற்று வெளுப்பாகப் பிறந்தவன் வெள்ளைப் பாதையை எட்டி எட்டிப் பார்ப்பான். கறுப்புப் பாட்டியைச் சமையலறையில் ஒளித்து வைப்பான். தன் வீட்டிலேயே பாதியை மறைத்து வாழ்கிற அவமானம் இருக்கிறதே, அது பட்டினியைவிடச் சிறியதல்ல.

தெருவின் பாட்டு

1930-ல் லாங்ஸ்டன் ஹ்யூஸ் ஹவானா வந்தார். கியேன் அவரைச் சந்தித்துப் பேசி, பத்திரிகையில் எழுதினார். அமெரிக்கக் கறுப்பு மக்களின் சோகப் பாட்டைக் கவிதையாக்கிய மனிதர் அவர். "நம் தெருவில் ஒலிக்கிற பாட்டு என்ன மட்டம்?" என்ற எண்ணம் கியேனுக்கு வலுத்தது. ஒரு சில வாரங்களில், ஏப்ரல் மாதம், அவருடைய எட்டுக் கவிதைகள் ஹவானா பத்திரிகை ஒன்றில் வெளிவந்தன. ஊரே அதிர்ந்தது.

ஏன் அதிர்ந்தது? அந்தக் கவிதைகள் சோன் என்னும் நாட்டுப்புறப் பாட்டின் தாளத்தில் இருந்தன. சோன் கியூபாவின் கிழக்குப் பகுதியில் பிறந்த பாட்டு. அதில் தந்தி வாத்தியம் ஸ்பெயின் கொடுத்தது. தோல் வாத்தியம் ஆப்பிரிக்கா கொடுத்தது. ஆகப் பாட்டே கலப்புப் பிள்ளை! அதோடு அந்தக் கவிதைகளின் மொழி, சேரிக் குடியிருப்பில் ஏழைக் கறுப்பர்கள் பேசுகிற மொழி. எழுத்து விழுங்கி, சொல் சுருங்கி, வாயில் எப்படி வருமோ அப்படியே. வாடகை கொடுக்க முடியாத வீடு, காசில்லாத புருஷன், கோபிக்கிற மனைவி, இவர்கள்தான் பாத்திரங்கள்.

வெள்ளைக் கனவான்கள் முகம் சுளித்தது ஆச்சரியமல்ல. படித்து முன்னேறிய கறுப்பர் சிலரும் முகம் சுளித்தார்கள். "நம் பேச்சை இப்படி அச்சில் போட்டு மானத்தை வாங்கலாமா?" என்று வருந்தினார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. பரிகாசத்துக்குப் பயந்தவர்கள். மேலே ஏற வேண்டுமானால் பேச்சை மாற்று, முடியை மாற்று, பாட்டியை மறை என்று ஆளுகிறவர்கள் கற்றுக்கொடுத்த பாடத்தை மனப்பாடம் செய்தவர்கள். கியேன் அந்தப் பாடத்தைக் கிழித்துப் போட்டார். தெரு பேசுகிற மொழிக்குக் கவிதையின் ஆசனத்தைக் கொடுத்தார்.

மறு வருஷம், 1931-ல், அடுத்த நூல். அதன் முன்னுரையில் தன் கவிதைகள் கலப்புக் கவிதைகளே என்று துணிந்து சொன்னார். வசையாக இருந்த சொல்லை எடுத்து நெற்றியில் பொட்டாக வைத்துக்கொண்டார்! கறுப்பு, வெள்ளை என்ற பேச்சு ஓய்ந்து, கியூபாவுக்கென்று ஒரு நிறம் இருப்பதை ஒருநாள் உலகம் சொல்லும் என்ற நம்பிக்கையையும் எழுதி வைத்தார்.

இரண்டு பாட்டன்மார்

1934-ல் வந்த நூலுக்கு அவர் வைத்த பெயரைக் கேளுங்கள்: "மேற்கிந்தியா லிமிடெட்"! தீவுகளையும் மக்களையும் சேர்த்து ஒரு கம்பெனியாகப் பதிவு செய்துவிட்டார்கள் என்று ஒரு சொல்லில் காட்டிவிட்டார். சர்க்கரை ஆலைகளில் பெரும்பகுதி அமெரிக்கக் கம்பெனிகள் கையில் இருந்த காலம் அது. அரவைப் பருவம் ஆண்டில் சில மாதங்கள்தான். மீதி மாதங்களுக்குக் கியூபத் தொழிலாளிகள் இட்ட பெயர் "செத்த காலம்". வேலை கிடையாது, கூலி கிடையாது, கடைக்காரனிடம் கடன். நம் விவசாயத் தொழிலாளித் தோழர்களுக்கு இந்தச் "செத்த காலம்" எது என்று விளக்க வேண்டுமா?

அந்த நூலில்தான் இரண்டு பாட்டன்மாரைப் பற்றிய புகழ்பெற்ற கவிதை இருக்கிறது. ஒரு பாட்டன் ஆப்பிரிக்கன். இன்னொரு பாட்டன் கவசம் பூண்ட ஸ்பானியன். இருவரும் நிழல்களாகப் பேரனின் இரு பக்கமும் நடக்கிறார்கள். கடைசியில் பேரன் அவர்களைச் சேர்த்து வைக்கிறான், இருவரும் தழுவிக்கொள்கிறார்கள். கவிஞரின் பெற்றோர் இருவருமே கலப்பினத்தார் என்று சொன்னோம். ஆகவே இது குடும்பப் புகைப்படம் அல்ல. ஒரு தேசத்தின் புகைப்படம்.

அழகான கவிதை. ஆனால் நாம் உழைப்பாளிகள். கணக்குப் பார்த்துப் பழகியவர்கள். ஒரு கேள்வி எழுகிறது. அடித்தவனும் அடிபட்டவனும் தழுவிக்கொண்டால் போதுமா? ஒருவன் கப்பலின் மேல்தட்டில் வந்தான். ஒருவன் கீழே சங்கிலியில் வந்தான். அந்தக் கணக்கு என்ன ஆயிற்று? கணக்கைத் தீர்க்காமல் கைகுலுக்கினால் அதை எந்தத் தொழிற்சங்கமாவது ஒப்புக்கொள்ளுமா?

இந்தக் கேள்வியைக் கியேனே தன்னிடம் கேட்டுக்கொண்டார் என்பதுதான் அவருடைய பெருமை.

தொலைந்த பெயர்

1958-ல் வெளிவந்த அவருடைய தொகுப்பில், தன் குடும்பப் பெயரைப் பற்றி ஒரு நீண்ட கவிதை உண்டு. கியேன் என்பது ஸ்பானியப் பெயர். பத்திரத்தில் இருக்கிறது, பள்ளி ரிஜிஸ்தரில் இருக்கிறது. சரி, சங்கிலியில் வந்த பாட்டனுக்கு என்ன பெயர்? அவனுக்கும் ஒரு தாய் பெயர் வைத்திருப்பாளே! அந்தப் பெயர் எங்கே? எந்தக் கணக்கெழுதுபவனின் மை அதை மூடியது? இதுதான் அந்தக் கவிதையின் கேள்வி. தழுவிக்கொண்ட பாட்டன்மாரில் ஒருவனுக்குப் பெயர் இருக்கிறது, ஒருவனுக்குப் பெயரே இல்லை என்பதைப் பேரன் இப்போது கண்டுகொண்டான்.

தோழர்களே, இந்த இடத்தில் நம்மவர் கதை ஒன்றும் குறுக்கே வருகிறது. கியூபாவுக்குத் தென்கிழக்கே மார்த்தினீக், குவாதலூப் என்று இரண்டு பிரெஞ்சுச் சர்க்கரைத் தீவுகள். அங்கே 1848-ல் அடிமை முறை ஒழிந்தது. கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே! 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து தமிழ் ஏழைகளை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். பேரப்பிள்ளைகள் காலத்தில் மொழி போயிற்று. ரத்தம் ஆப்பிரிக்க ரத்தத்தோடு கலந்தது. பெயர் மட்டும் குடும்பப் பெயராக நின்றது. ராமசாமியும் வைத்திலிங்கமும் இன்றும் அந்தத் தீவுகளில் உண்டு.

ஆப்பிரிக்கன் பெயரைத் தொலைத்தான். தமிழன் பெயரைக் காப்பாற்றினான். அதனால் வீடு கிடைத்ததா? இல்லை! குவாதலூப்பில் பிறந்து வளர்ந்த இந்திய வம்சத்தாரை அந்நியர் என்றார்கள். சிதம்பரம் என்ற பெயரைச் சுமந்த ஹென்றி சிதம்பரம் என்பவர், 1904-ல் அவர்களை வாக்காளர் பட்டியலில் சேர்த்தார். அரசாங்கம் வழக்குப் போட்டது. அவர் அசையவில்லை. பத்தொன்பது வருஷம் வாதாடி 1923-ல் குடியுரிமையை நிலைநாட்டினார். பெயர் இருந்தாலும் போராடித்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டியிருந்தது. பெயர் இல்லாதவனுக்கும் அதே வழிதான்.

கியேன் கண்ட பதிலும் இதுதான். பெயர் தொலைந்தவர்கள் ஒருவரையொருவர் எப்படி அடையாளம் கண்டுகொள்வது? பசியிலும் வியர்வையிலும் கண்டுகொள்ளலாம் என்கிறது அவர் கவிதை. தேடிப் போன வம்சம் பின்னால் இல்லை, பக்கத்தில் நிற்கிறது!

மன்சனியோ ரயில் நிலையம்

பக்கத்தில் நின்றவர்களில் ஒருவரின் பெயர் ஹெசூஸ் மெனண்டெஸ். கறுப்பர். கரும்பு வெட்டியவர். சர்க்கரைத் தொழிலாளர் சம்மேளனத்தின் தலைவராக உயர்ந்தவர், பாராளுமன்ற உறுப்பினர். சர்க்கரை லாபம் ஏறும்போது தொழிலாளிக்கும் அதில் பங்கு உண்டு என்று 1940களில் போராடி வாங்கிக் கொடுத்தவர். கறுப்பர், வெள்ளையர், கலப்பினத்தார் எல்லாரும் ஒரே சங்கத்தில் அவர் பின்னால் நின்றார்கள். பூங்காவில் இரண்டு பாதை. சங்கத்தில் ஒரே பாதை! முதலாளிகள் இதைச் சகிப்பார்களா? 1948 ஜனவரி 22-ல் மன்சனியோ ரயில் நிலையத்தில் ஒரு ராணுவக் காப்டன் அவரைச் சுட்டுக் கொன்றான்.

கியேன் அந்த மரணத்தைப் பற்றி நெடிய இரங்கற்பா எழுதினார், 1951-ல் வெளிவந்தது. பெற்ற தகப்பனையும் சிப்பாய் சுட்டான். சங்கத்துச் சகோதரனையும் சிப்பாய் சுட்டான். இரண்டு துக்கமும் அந்தக் கவிஞருக்குள் ஒன்றாகியிருக்கும் என்று நாம் எண்ணினால் தவறாகாது.

இதற்கும் முன்பே அவர் எந்தப் பக்கம் நிற்பது என்று முடிவு செய்துவிட்டார். 1937-ல் ஸ்பெயின் நாட்டில் உள்நாட்டுப் போர். பாசிஸ்டுகளை எதிர்த்து ஸ்பானியத் தொழிலாளியும் விவசாயியும் துப்பாக்கி தூக்கிய நேரம். வாலென்சியாவிலும் மாட்ரிட்டிலும் நடந்த எழுத்தாளர் மாநாட்டுக்குக் கியேன் போனார். அந்த வருஷமே கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். லாங்ஸ்டன் ஹ்யூஸும் நிருபராக ஸ்பெயினுக்கு வந்திருந்தார். எண்ணிப் பாருங்கள்! ஸ்பெயின் என்பது யார் நாடு? கவசம் பூண்ட அந்த வெள்ளைப் பாட்டனின் நாடு. அடிமையின் பேரன் அந்த வீட்டுக்குப் போனான். பாகம் கேட்கப் போகவில்லை, பழி தீர்க்கப் போகவில்லை. அந்த வீட்டு ஏழைகளோடு காவல் நிற்கப் போனான். பாட்டன்மாரைச் சேர்த்து வைத்தது உண்மையில் இந்த இடம்தான்.

பாட்டிமார் எங்கே?

இங்கே கூடியிருக்கும் தாய்மார்கள் ஒரு கேள்வி கேட்கலாம். "இரண்டு பாட்டன்மாரைப் பற்றியே பேசுகிறீர்களே, பாட்டிமார் எங்கே?" கேட்க வேண்டிய கேள்வி. கரும்புத் தோட்டத்தில் ரத்தம் கலந்தது பாட்டன்மார் தழுவிக்கொண்டதால் அல்லவே! அடிமைப் பெண்ணின் உடம்பும் எஜமானின் சொத்து என்று எழுதி வைத்திருந்ததால் அல்லவா கலந்தது! அந்தப் பெண் பேசினாளா?

பேசினாள். ஆனால் சற்றுத் தாமதமாக. நான்ஸி மொரெஹோன் என்ற கியூபக் கவிஞர் 1944-ல் ஹவானாவில் பிறந்தவர். துறைமுகத் தொழிலாளியின் மகள். கியேன் கவிதைகளை ஆழ்ந்து ஆராய்ந்து, அவரைப் பற்றிய கட்டுரைகளைத் தொகுத்தவர். கறுப்புப் பெண் ஒருத்தி தன் கதையைத் தானே சொல்கிற கவிதையை 1970களில் எழுதினார். கடல் கடந்து வந்தவள், எஜமானின் ஆடையைத் தைத்தவள், அவனுக்குப் பிள்ளை பெற்றவள், பிறகு மலைக்கு ஓடியவள், விடுதலைப் படையோடு சென்றவள். அவள் கதை அது. அவள் பெற்ற பிள்ளைக்கும் பெயர் இருந்ததில்லை. கியேன் தேடிய பெயர் எங்கே தொலைந்தது என்று இப்போது தெரிகிறதா? அந்தத் தாயின் மடியில் தொலைந்தது. மாணவி குருவின் கணக்கை நேர் செய்துவிட்டார். 2001-ல் கியூபாவின் தேசிய இலக்கியப் பரிசு மொரெஹோனுக்குக் கிடைத்தது.

திறந்த கதவு, திறவாத கதவு

கதையை முடிப்போம். பாட்டிஸ்டா ஆட்சியில், 1953 முதல் கியேன் நாடு திரும்ப முடியாமல் பாரிஸிலும் பிற நகரங்களிலும் அலைந்தார். பிறந்த மண்ணைத் தேடிப் பாடியவனுக்குப் பிறந்த மண்ணே அடைபட்டது! 1959 ஜனவரியில் புரட்சி வென்றது. அவர் வீடு திரும்பினார். கிளப்புகளின் கதவுகள், கடற்கரைகளின் கதவுகள் எல்லாருக்கும் திறந்தன. 1961-ல் கியூப எழுத்தாளர், கலைஞர் சங்கத்தின் தலைவரானார். 1989 ஜூலை 16-ல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 1964-ல் வெளிவந்த ஒரு கவிதையில் தன்னிடம் என்னென்ன இருக்கிறது என்று கணக்கெடுக்கிறார். பொன்னும் பொருளும் அல்ல. ஹோட்டல் வாசலில் தன்னை யாரும் தடுத்து நிறுத்த மாட்டார்கள் என்பதே அவருடைய சொத்து.

நாம் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். 1960களின் தொடக்கத்தில், நிற வேற்றுமை தீர்ந்துவிட்டது என்று அங்கே அறிவித்தார்கள். அறிவிப்பினால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. தீர்ந்ததாகச் சொன்னபின், மிச்சமிருந்ததைப் பற்றிப் பேசுவதே கடினமாயிற்று. 1991-ல் சோவியத் யூனியன் கலைந்தபின் கியூபாவில் பெருங்கஷ்டம் வந்தது. வெளிநாட்டில் உறவினர் இருந்த வெள்ளைக் குடும்பங்களுக்கு டாலர் அதிகம் வந்தது. கறுப்புக் குடும்பங்களுக்குக் குறைவாக வந்தது. பழைய பிளவு மறுபடி கண்ணுக்குத் தெரிந்தது. சட்டம் கதவைத் திறக்கும். திறந்த கதவு மறுபடி சாத்திக்கொள்ளாமல் ஒவ்வொரு தலைமுறையும் காவல் இருந்தாக வேண்டும். இதையும் அந்த நாட்டுக் கவிஞர்களே இன்று எழுதுகிறார்கள்.

தோழர்களே! டீக்கடைக் கேள்விக்குத் திரும்புவோம். "யார் வீட்டுப் பிள்ளை?" கியேன் ஆப்பிரிக்க வீட்டுக்குப் போய்க் கேட்கவில்லை, ஸ்பானிய வீட்டுக்குப் போய்க் கெஞ்சவும் இல்லை. மறைத்து வைத்த பாட்டனைக் கூடத்துக்கு அழைத்து வந்தார். பறிபோன பெயருக்குக் கணக்குக் கேட்டார். பிறகு கரும்பு வெட்டுகிறவனோடு தோளோடு தோள் நின்று, "இவர்கள் நடுவில் என் வீடு" என்று வாழ்ந்து காட்டினார். மாசெயோவையும் மொருவாவையும் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். ரத்தம் நமக்குக் கிடைத்தது. பக்கம் நாம் எடுப்பது.

கலப்புப் பிள்ளை என்று யாரையாவது வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கும் குரல் உங்கள் காதில் விழுந்தால், இந்தக் கவிஞரை நினைத்துக்கொள்ளுங்கள். "இவன் எங்கள் வீட்டுப் பிள்ளை" என்று முன்னே வந்து சொல்லுங்கள். சங்கத்தின் கதவு அப்படித் திறக்கட்டும்.